அசையாத அம்புக்குறி

கொட்டாவி விட்டுக்கொண்டே ஒருவர் துப்பறிய வந்து நின்றால் யார் நம்புவார்கள்? கதவைத் திறந்தவளும் நம்பவில்லை.

"யார் வேணும்?"

"வக்கீல் அனுப்பினார்ம்மா." அவர் வாயைக் கையால் மூடி, மீதிக் கொட்டாவியை விழுங்கினார். "ஏதோ விசாரிக்கணும்னு சொன்னீங்களாமே."

"துப்பறியறவரை அனுப்பறேன்னாரே?"

"இவர்தாங்க அவர்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பாத்தா தெரியாது. அதுதான் எங்க தொழில் ரகசியமே."

குரலுக்குச் சொந்தக்காரி மாடிப்படியின் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடம், அதில் கடைசி மாடி. இருவரும் காலையிலிருந்து ஒரு மனிதரைப் பின்தொடர்ந்து பஸ் மாறி பஸ் மாறி அலைந்திருந்தார்கள். வீட்டில் சொல்லாமல் எங்கேயோ போகிறார் என்று அவருடைய மனைவி கொடுத்த வேலை. கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த இடம் நீச்சல் குளம். வயதான காலத்தில் நீச்சல் கற்றுக்கொள்வதை வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் என்று கிளம்பும்போது வக்கீல் போன் செய்துவிட்டார்.

தொழிலில் அவருக்குக் கொட்டாவி என்று பெயர். யாரோ கேலியாக வைத்தது. மறுத்துப் பேச அலுப்பாக இருந்ததால் அப்படியே நிலைத்துவிட்டது. உதவியாளுக்கு ஹெல்ப்லைன் என்று பெயர். இவரிடம் வருவதற்கு முன்னால் அவள் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் உதவி எண்ணில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் "அணைச்சுட்டு மறுபடி போடுங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவள்.

"உள்ள வாங்க," என்றாள் அந்த வீட்டுக்காரி. அவள் டைப்பிஸ்ட். வக்கீல் பதிவு செய்து அனுப்பும் வாக்குமூலங்களைக் காதில் கேட்டு வீட்டிலிருந்தே தட்டிக் கொடுப்பவள். "குற்றவாளி யாருன்னு எனக்குத் தெரியும் சார். எப்படிப் பண்றாங்கறதுதான் தெரியணும்."

"பாஸ், பாதி கேஸை அவங்களே முடிச்சுட்டாங்க," என்றாள் ஹெல்ப்லைன். "பாதிக் கொட்டாவி விட்டா போதும்."

வேலை அறை சின்னது. ஒரு மேசை, ஒரு ஜன்னல், மேசைக்கடியில் பதிவைக் காலால் நிறுத்தி ஓட்டும் மிதிகட்டை. மேசையின் மேல் கம்ப்யூட்டர். திரையில் ஓர் உலக வரைபடம் தெரிந்தது. 'எந்த ஊர் நேரம் வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டு நின்றது. வரைபடத்தில் எங்கோ ஒரு கடலுக்கு நடுவே வெள்ளை அம்புக்குறி அசையாமல் கிடந்தது.

ஹெல்ப்லைன் மவுஸை ஆட்டினாள். அம்பு நகரவில்லை. கீபோர்டில் பெரிய எழுத்துக்கான பட்டனை ஒரு தட்டு தட்டினாள். அதற்குரிய சின்ன விளக்கு எரியவில்லை.

"நாடி இல்ல," என்றாள். "இந்த விளக்கு எரிஞ்சா உசிர் இருக்குன்னு அர்த்தம். இது போய்ச் சேர்ந்தாச்சு."

"இப்படித்தாம்மா ஒவ்வொரு தடவையும்!" டைப்பிஸ்ட் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "பழசு ஆமை மாதிரி நகர ஆரம்பிச்சுடுச்சு. ரிப்பேர் கடையில கேட்டேன், விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடுங்க, அந்த சாஃப்ட்வேருக்குக் காசு கிடையாது, சாகக் கிடக்கிற மெஷின் கூட எழுந்து ஓடும்னு சொல்லி ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தான். நானும் போட ஆரம்பிச்சேன். நான் உக்காந்திருக்கிற வரைக்கும் நல்லா ஓடும். எனக்கு வக்கீல் ஆபீஸுக்கும் போகணும், அடுப்பையும் பாக்கணும். என் நாத்தனார்கிட்ட, பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போவேன். திரும்பி வந்தா செத்துக் கிடக்கும்."

"உங்க வீட்டுக்காரர் பாத்துக்கிட்டா?" என்றார் கொட்டாவி.

"நல்லா ஓடும். அவர் பஸ் டிரைவர். லீவு நாள்ல உக்காந்து பாதி வரைக்கும் கொண்டு போனார். திடீர்னு டூட்டிக்குக் கூப்பிட்டாங்க. தங்கச்சியைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனார். முடிஞ்சுது. அதுக்கும் மேல கேளுங்க. ஒரு தடவை நான் பிடிவாதமா உக்காந்து முழுசாப் போட்டே முடிச்சுட்டேன். புதுத் திரை பளபளன்னு வந்துச்சு. கீழ கூரியர்க்காரன் கூப்பிட்டான், இவகிட்ட விட்டுட்டு இறங்கினேன். ஏறி வரதுக்குள்ள நின்னு போச்சு. சரி, நான்தான் தப்பாப் போட்டேனோன்னு மறுபடி முதல்லேர்ந்து..." அவள் நிறுத்தி மூச்சை இழுத்து விட்டாள். "எனக்கு அலுத்துப் போச்சு சார். வக்கீல் இனிமே பொறுக்க மாட்டேன், வேற ஆளைப் பாக்கறேங்கறார்."

"நாத்தனார் எதுக்குக் கெடுக்கணும்?"

"பழசுல மத்தியானம் சீரியல் பாத்துக்கிட்டு இருந்தா. மாத்தாதீங்க அண்ணின்னு கெஞ்சினா. நான் கேக்கல. அந்தக் காந்தல்தான், வேற என்ன? சாயந்தரம் இவர் வந்ததும் அவளை லேடீஸ் ஹாஸ்டல்ல கொண்டு போய் விடறதா முடிவாயிடுச்சு. அறை பாத்தாச்சு. ஆனா இவர் கடைசி நேரத்துல தங்கச்சி பக்கம் சாஞ்சுடுவார். அதுக்குள்ள எனக்குக் கையும் களவுமா வேணும்."

கொட்டாவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"அவங்க எங்க?" என்றார்.

நாத்தனார் பின்னறையில் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பதை நெருங்கியிருக்கும். அழுத முகம் இல்லை. அழுது முடித்து அதற்கும் பிறகு இருக்கிற முகம். சலவைக் கடையில் வேலை பார்த்தவள், கடை மூடிய பிறகு அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். அவள் மடித்த புடவையின் ஓரங்கள் கத்தியால் வெட்டினதுபோல இருந்தன.

"நான் தொடலைங்க," என்றாள், கேட்பதற்கு முன்பே.

"தொட்டீங்கன்னு நான் சொல்லலையே."

"எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. அதான் முன்னாடியே சொல்லிட்டேன். உங்களுக்கும் நேரம் மிச்சம்."

"சீரியல் போச்சேன்னு கோவமாமே?" என்றாள் ஹெல்ப்லைன்.

"போன்ல பாக்குறேன். முகமெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது. கண்ணு வலிக்குது. அதுக்காக அண்ணி பொழைப்பைக் கெடுப்பேனா?" ஒரு ரவிக்கையை நீவினாள். "அந்த மெஷினைக் கண்டாலே எனக்குப் பயம். எதையாவது அமுக்கி ஏதாவது ஆயிட்டா? அதனால கிட்டயே போறதில்ல. தள்ளி உக்காந்துதான் இருப்பேன்."

"அப்ப அந்த நேரத்துல வேற ஏதாவது வேலை செய்வீங்களா?"

"முதல் ரெண்டு தடவை அங்கேயே துணி இஸ்திரி போட்டேன்."

ஹெல்ப்லைனின் கண்கள் விரிந்தன. கொட்டாவியின் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"பாஸ்! இஸ்திரிப் பெட்டி! அது கரண்டை உறிஞ்சும். ஒரே சாக்கெட்ல ரெண்டையும் மாட்டினா மெஷினுக்குப் பசி மயக்கம் வந்திருக்கும். அவங்களுக்கே தெரியாம அவங்கதான் குற்றவாளி. கேஸ் குளோஸ். வீட்டுக்குப் போலாமா?"

"அப்புறம் போட்டாங்களான்னு கேளு."

கேட்டாள். அண்ணி திட்டியதால் அதன் பிறகு இஸ்திரி பின்னறையில்தான் என்றாள் நாத்தனார். அப்போதும் மெஷின் நின்றிருக்கிறது. இருந்தாலும் ஹெல்ப்லைன் விடவில்லை. மெஷினை அணைத்து மறுபடி போட்டு, ஒரு கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை அந்த அறையில் மாட்டி, கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிப் பார்த்தாள். மெஷின் அசரவில்லை. அவளுடைய கைக்குட்டைக்கு மட்டும் மடிப்புக் கலையாத பாக்கியம் கிடைத்தது.

பிறகு மெஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே தூசி ஒரு பூனைக்குட்டி அளவுக்கு உருண்டு கிடந்தது. அதை ஊதித் தும்மினாள். மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தாள், சுற்றியது. கடைசியாக, அந்தப் பென் டிரைவிலேயே இருந்த ஒரு சோதனையை ஓட்டினாள். மெஷினின் ஞாபகசக்திக்கு வைக்கிற பரீட்சை அது. ஓயாமல் கணக்குப் போடச் சொல்லித் திணற அடிக்கும். கெட்டுப்போன மெஷினென்றால் நடுவில் உளறிவிடும்.

இது உளறவில்லை. மூச்சு முட்ட வேலை வாங்கியும் ஒரு தவறு கூட வரவில்லை.

"முதல் ரேங்க் பாஸ்," என்றாள் ஹெல்ப்லைன், முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து. "மெஷின்ல கோளாறு இல்ல."

"பாத்தீங்களா!" டைப்பிஸ்டின் முகத்தில் வெளிச்சம். "நீங்க இவ்வளவு நேரம் குடைஞ்சும் நின்னுச்சா? நிக்கலையே! அவ மட்டும் இருந்தாத்தான் நிக்கும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கொட்டாவி மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கால் வலித்தது.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார். "மெஷினை மறுபடி அந்தக் கேள்வி வரைக்கும் கொண்டு வந்து வை. எப்பவும் போல அவங்களைப் பாத்துக்கச் சொல்லிட்டு நீங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுக்குப் போயிடுங்க. நான் இந்த மூலை நாற்காலியில உக்காந்து தூங்கற மாதிரி நடிக்கிறேன். அவங்க கை எங்க போகுதுன்னு பாத்துடறேன்."

"நடிப்பா?" ஹெல்ப்லைன் இடுப்பில் கை வைத்தாள். "போன தடவை நடிச்சப்ப குறட்டை கூட வந்துச்சே."

"அது பாத்திரத்துக்குள்ள இறங்கினது."

அப்படியே ஏற்பாடாயிற்று. உலக வரைபடம் வந்தது. ஹெல்ப்லைன் அம்பை ஆட்டிக் காட்டினாள். உயிரோடு இருந்தது. டைப்பிஸ்ட் பின்னறை வாசலில் நின்று, "ஏம்மா, கொஞ்சம் பாத்துக்கோ," என்று தேன் தடவிய குரலில் கூப்பிட்டாள். நாத்தனார் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கொட்டாவி நாற்காலியில் சாய்ந்து, இமைகளை ஒரு கோடு அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டார். மெஷின் மெல்ல ரீங்கரித்தது. ஜன்னல் வழியாக இளஞ்சூடான காற்று வந்தது.

"சார்! சார்!"

கொட்டாவி திடுக்கிட்டார். "முழிச்சுட்டுதான் இருக்கேன்."

"வாயோரம் துடைச்சுக்குங்க பாஸ்," என்றாள் ஹெல்ப்லைன்.

டைப்பிஸ்ட் மவுஸை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தாள். அம்புக்குறி கடலிலேயே கிடந்தது. பெரிய எழுத்துப் பட்டனைத் தட்டினாள், விளக்கு எரியவில்லை. நாத்தனார் முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்ணினா? பாத்தீங்களா? சொல்லுங்க சார்!"

கொட்டாவி தொண்டையைக் கனைத்தார். "பாக்கல."

"என்னது?"

"தூங்கிட்டேன்ம்மா."

ஹெல்ப்லைன் கூரையைப் பார்த்தாள். காலையிலிருந்து அலைந்த அலைச்சல், மேல்மாடி, வெயில் என்று எத்தனையோ சாக்கு இருந்தது. எதையும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஒருத்தி இந்த வீட்டில் இருப்பதா போவதா என்பது தொங்கிக்கொண்டிருக்க, அவர் தூங்கிப் போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. டிரைவர் காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் அவளுடைய காலைப் பார்த்துப் பேசினார்.

"பாப்பா... எடுத்து வெச்சுட்டியா? கீழ டாக்சி நிக்குது."

"வெச்சுட்டேன்ண்ணே. பையை எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

அவள் எழுந்தாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அதுதான் கொட்டாவியை உலுக்கியது.

"ஒரு நிமிஷம்மா. நான் தூங்கினதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"ஒண்ணுமேவா?"

"அண்ணி பாத்துக்கோன்னாங்க. பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எப்படிப் பாத்துக்கிட்டீங்க? செஞ்சு காட்டுங்க."

அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். அவ்வளவுதான். இமை மட்டும் அசைந்தது.

"இவ்வளவுதானா?"

"வேற எப்படி சார் பாக்கறது? கண்ணால்தானே?"

கொட்டாவி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். டைப்பிஸ்டிடம் திரும்பினார். "நீங்க பாத்துக்கிட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"நானா? நானும் பாத்துக்கிட்டுதான்... நடுவுல நடுவுல மவுஸை ஒரு ஆட்டு ஆட்டுவேன். உசிரோட இருக்கான்னு. கேள்வி கேட்டா டக்குன்னு பதில் அமுக்குவேன்."

"நீங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "என் கை சும்மா நிக்காது சார். கியர் போட்ட கை. எதையாவது தட்டிக்கிட்டே இருக்கும். இவ திட்டுவா."

கொட்டாவி கடைசியாக ஹெல்ப்லைனைப் பார்த்தார். அவள் குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள். அந்தக் கை, செத்த மெஷினின் மவுஸை இன்னமும் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ," என்றாள் மெதுவாக.

"பாத்துக்கோன்னு சொன்னா நாம எல்லாரும் நோண்டுவோம்," என்றார் கொட்டாவி. "சொன்னதை அப்படியே செஞ்சது இந்த வீட்டுல ஒருத்தர்தான். ஹெல்ப்லைன், மறுபடி அந்தக் கேள்விக்குக் கொண்டு வா. டாக்சிக்காரர் கொஞ்சம் நிக்கட்டும்."

வரைபடம் வந்ததும் அவர் எல்லோரையும் அறையை விட்டு வெளியேறச் சொன்னார். நாத்தனாரையும்தான். கதவைப் பூட்டி, சாவியை டைப்பிஸ்டின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"ஜன்னல் வழியா யாரும் வர முடியாதே?"

"இந்த மாடிக்கா? காக்கா வந்தாத்தான் உண்டு."

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டைப்பிஸ்ட் டீ போட்டுக் கொண்டுவந்தாள். கடைசித் தம்ளரை நாத்தனாருக்கு முன்னால் தரையில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. டிரைவர் அதைப் பார்த்தார். யாரும் குடிக்கவில்லை. டீயின் மேல் ஆடை படிந்தது.

"போதும்," என்றார் கொட்டாவி. "திறங்க."

டைப்பிஸ்ட்தான் முதலில் உள்ளே போனாள். மவுஸைப் பிடித்தாள். நகரவில்லை. பட்டனைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் கூடப் பார்த்தாள்.

"உள்ள யாரும் இல்லையே," என்றாள்.

"அதாம்மா விஷயம். யார் இருந்ததால நின்னுச்சுன்னு தேடினோம். யாரும் தொடாததாலதான் நிக்குது. உங்க நாத்தனார் இருந்தப்பவெல்லாம் அவங்க இருந்தாங்க, அவங்க கை இல்ல. மெஷினைப் பொறுத்தவரைக்கும் அறையில ஆளே இல்ல."

டிரைவர் வாசற்படியிலேயே நின்றார். "அது எப்படி சார்? சும்மா விட்டா கெட்டுப் போகுமா?"

ஹெல்ப்லைனுக்கு உயிர் திரும்பியிருந்தது. "நான் சொல்றேன். மெஷினுக்குள்ள மூளை மாதிரி ஒரு சில்லு இருக்கு. வேலை இல்லைன்னா கரண்டை மிச்சம் பிடிக்க அது குட்டித் தூக்கம் போடும். இன்னும் வேலை வரலைன்னா இன்னும் ஆழமா. எல்லா மெஷினும் அப்படித்தான். பட்டனைத் தொட்டா முழிச்சுக்கும். ஆனா சில பழைய சில்லுக்கும் புது லினக்ஸுக்கும் ஒத்துப் போகாது. ரொம்ப ஆழத்துக்குப் போயிடுச்சுன்னா மேல வர வழி தெரியாது. அங்கேயே முடிஞ்சுது. பரீட்சையில ஏன் முதல் ரேங்க் வாங்குச்சு? மூச்சு விடாம வேலை குடுத்தோம், தூங்க நேரம் இல்ல." கொட்டாவியைப் பார்த்தாள். "உங்களை மாதிரியேதான் பாஸ். அலைய விட்டா ஊரையே சுத்துவீங்க. நாற்காலியில உக்கார வெச்சா ஆள் காலி."

"இதுக்கு மருந்து இருக்கா?" என்றாள் டைப்பிஸ்ட். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"ஒரு வரி போதும் அக்கா. ஆழமாத் தூங்காதேன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

மெஷினை அணைத்துப் போட்டாள். தொடக்கத்தில் வரும் கறுப்புத் திரையிலேயே நிறுத்தி, கட்டளை வரியின் வாலில் சின்னதாக ஒன்றைச் சேர்த்தாள். போட்டு முடித்த பிறகும் இதே வரியை நிரந்தரமாக எழுதிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வரைபடம் வந்தது. மறுபடி பூட்டு, மறுபடி கூடம். ஆறிப்போன டீயை இந்தத் தடவை எல்லோரும் குடித்தார்கள், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். கொட்டாவி வேண்டுமென்றே நேரத்தை இழுத்தார். முன்பைவிட அதிக நேரம். டிரைவர் ஒரு தடவை கீழே இறங்கிப் போய் டாக்சிக்காரரைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தார்.

கதவு திறந்தது. கொட்டாவி நாத்தனாரிடம் சொன்னார்: "நீங்க ஆட்டுங்கம்மா."

"நானா? வேண்டாம் சார்."

"சும்மா தொடுங்க."

அவள் ஒரு விரலால் மவுஸைத் தள்ளினாள், சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிற மாதிரி. அம்புக்குறி கடலைத் தாண்டிக் கரைக்கு வந்தது.

யாரும் கைதட்டவில்லை. டிரைவர் மூக்கை உறிஞ்சினார். டைப்பிஸ்ட் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சரி, இப்பத்தான் தெரிஞ்சு போச்சே. டாக்சியை அனுப்பிடுங்க. நீ போய்ப் பையைப் பிரிம்மா."

நாத்தனார் நகரவில்லை.

"அண்ணி, கீழ் வீட்டு அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"நான் வேணும்னே கெடுக்கறேன்னு சொன்னீங்க. உண்ட வீட்டுக்கே வேட்டு வைக்கறான்னு சொன்னீங்க. படியில என்னைப் பாத்தா அவங்க கதவைச் சாத்திக்கறாங்க. அவங்க வீட்டுப் பசங்க கூட என்னைப் பாத்துச் சிரிக்குதுங்க. நீங்க போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க. நான் செய்யலைன்னு. அதுக்கப்புறம் நான் பையைப் பிரிக்கிறேன். இல்லைன்னா டாக்சி இருக்கவே இருக்கு."

"இதெல்லாம் எதுக்கு பாப்பா," என்றார் டிரைவர். "வீட்டு விஷயம்..."

"நீ பேசாதண்ணே. நீதான் அறை பாத்துட்டு வந்தவன்."

டைப்பிஸ்டின் முகத்தில் ஈயாடவில்லை. கணவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கடைசியில் நாத்தனாரைப் பார்த்தாள். அன்று முதல் தடவையாக நேராக. நாத்தனார் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது. டைப்பிஸ்ட் வாசல் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

கொட்டாவியும் ஹெல்ப்லைனும் விடைபெற்று இறங்கியபோது, அவள் கீழ்மாடிக் கதவுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். விரலை அழைப்பு மணிக்குப் பக்கத்தில் கொண்டு போவாள், எடுத்துக்கொள்வாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது.

"சார்," என்றாள் கிசுகிசுப்பாக. "நீங்க சொன்னா நம்புவாங்க. துப்பறியறவர் வாயால வந்தா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

"கண்டுபிடிக்கறதுதாம்மா எங்க வேலை," என்றார் கொட்டாவி. "சொல்றது உங்க வேலை."

"எப்படி சார் ஆரம்பிக்கறது?"

அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தார். பின்னால் வந்த ஹெல்ப்லைன், கதவைத் தாண்டும்போது மணியை ஒரு நீள அழுத்து அழுத்தினாள்.

"அடிப்பாவி! என்னம்மா பண்ணிட்டே!"

"கை பட்டுடுச்சு அக்கா," என்று சொல்லிவிட்டு இரண்டு படிகளை ஒன்றாகத் தாவி இறங்கினாள்.

இருவரும் படித் திருப்பத்தில் நின்றார்கள். நிற்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் நின்றார்கள். மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"அட, நீயா?" என்றது ஒரு பெண்குரல். "என்ன, மறுபடி நின்னுடுச்சா? அவ வேலைதானே? நான் சொன்னேனே, அவளை வெச்சுக்காதேன்னு."

கொட்டாவி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஹெல்ப்லைன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா," என்றாள் டைப்பிஸ்ட். "அவ ஒண்ணும் பண்ணல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"என்னது? டிவி சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

டிவி அலறிக்கொண்டேதான் இருந்தது. டைப்பிஸ்டின் குரல் அதே வார்த்தைகளை மறுபடி சொன்னது, ஒவ்வொன்றாக, எல்லா மாடிகளுக்கும் கேட்கும்படி.